வைக்கோலில் இருந்து எரிபொருள்: ஒரு காக்காவுக்கு நாம் சொல்லத் தவறிய வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

2022 ஜூன் மாதம். எரிபொருள் வரிசை ஒரு கிலோமீற்றரைத் தாண்டி நின்ற நாட்கள். நாமும் மோட்டார் சைக்கிளோடு இரண்டாவது நாளாக நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற, வயல் செய்யும் காக்கா ஒருவர் தனது கைத்தொலைபேசியை நீட்டினார்.

"சேர், வைக்கலில இருந்து பெற்றோல் மாதிரி எண்ணெய் எடுக்கலாமெண்டு இதில போட்டிரிக்காங்க. மெய்யா? நாங்க போகத்துக்குப் போகம் அத நெருப்பு வெச்சிட்டுத்தானே வாறம்."

வெயில், பசி, எரிச்சல். நாம் திரையைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சும்மா கதை காக்கா. தண்ணியில கார் ஓடுது எண்டு சொல்ற மாதிரித்தான்" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருப்பார்.

இரண்டு மாதங்கூடப் போகவில்லை. 2022 ஆகஸ்ட் 10ஆம் திகதி இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில், பானிப்பட்டில், நெல் வைக்கோலில் இருந்து எதனோல் எடுக்கும் தொழிற்சாலை ஒன்றை அந்நாட்டுப் பிரதமர் திறந்து வைத்தார். இந்தியன் ஒயில் நிறுவனத்தினுடையது. ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோல், அதிலிருந்து சுமார் 3 கோடி லீற்றர் எதனோல் என்பது திட்டம்.

நாம் சொன்னது பிழை. அதேநேரம் அந்தக் காக்காவுக்கு வந்த காணொளி சொன்னதும் முழு உண்மை அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

*சோறு இனிக்கும், மரம் இனிக்காது*

தரம் 8, 9 பிள்ளைகளிடம் நாம் அடிக்கடி ஒரு வேலை கொடுப்போம். ஒரு பிடி வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் இலேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேசு என்ற நொதியம் சோற்றிலுள்ள மாப்பொருளை வெட்டிச் சீனியாக்குவதால் வரும் இனிப்பு அது.

ஒரு வைக்கோல் துண்டை மென்றால் நாள் முழுக்க மென்றாலும் இனிக்காது. இத்தனைக்கும் வைக்கோலிலும் மரத்திலும் அதிகமாக உள்ள செலுலோசு, மாப்பொருளைப் போலவே குளுக்கோசினால் ஆனதுதான். இரண்டுமே ஆயிரக்கணக்கான குளுக்கோசு மூலக்கூறுகள் கோர்த்த மாலைகள். கோர்த்திருக்கும் முடிச்சுத்தான் வேறு. மாப்பொருளின் முடிச்சினால் மாலை சுருண்டு தளர்வாக இருக்கும். செலுலோசின் முடிச்சினால் மாலைகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு போல இறுகிவிடும். எமது உடலில் அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதியம் இல்லை.

இதற்கு மேல் இலிக்னின் என்ற பொருள் சீமெந்து பூசியது போல் செலுலோசைச் சுற்றி நிற்கிறது. தென்னம் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டாலும் தும்பு அழுகாமல் வருகிறதே, அதற்கு முக்கிய காரணம் தும்பில் இலிக்னின் மிக அதிகமாக இருப்பதுதான்.

பிரான்சைச் சேர்ந்த அன்செல்ம் பாயென் என்ற இரசாயனவியலாளர்தான் 1838இல் தாவரங்களில் இருந்து செலுலோசைப் பிரித்தறிந்தார். இதே மனிதர் 1833இல் பெர்சோ என்பவரோடு சேர்ந்து, முளைத்த பார்லியில் இருந்து மாப்பொருளைச் சீனியாக்கும் டயஸ்டேசைப் பிரித்தெடுத்திருந்தார். உலகில் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்ட நொதியம் அது. பூட்டையும் ஒரு சாவியையும் ஐந்து வருட இடைவெளியில் ஒருவரே கண்டுபிடித்தார். ஆனால் அந்தச் சாவி இந்தப் பூட்டுக்குரியதல்ல. சரியான சாவி கிடைக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

*அமிலத்தின் காலம்*

சாவி இல்லாதவன் பூட்டை உடைப்பான். 1819இலேயே ஹென்றி பிராக்கொனோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், மரத்தூளையும் பழைய லினன் துணியையும் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் கரைத்துச் சீனி எடுத்துக் காட்டியிருந்தார். பழந்துணியில் இருந்து சீனி! அன்று அது பெரிய அதிசயம்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இரண்டு தொழிற்சாலைகள் மர ஆலைக் கழிவை அமிலத்தில் அவித்து எதனோல் தயாரித்தன. போர் முடிந்த பின், சீனி ஆலைகளின் மலிவான மொலாசசோடு போட்டி போட முடியாமல் அவை மூடப்பட்டன. ஜேர்மனியில் ஷோலர் என்பவரின் முறையும், நோபல் பரிசு பெற்ற பேர்கியுசின் முறையும் இரண்டாம் உலகப் போர் வரை பாவிக்கப்பட்டன. வெளியில் இருந்து எண்ணெய் வராத நாடு மரத்தை நாடியது. சோவியத் ஒன்றியமும் இப்படிப் பல தொழிற்சாலைகளைப் பல தசாப்தங்கள் நடத்தியது.

ஆனால் அமிலம் கண்மூடித்தனமாக வேலை செய்யும். மாலையை வெட்டுவதோடு நிற்காது, வெளிவந்த சீனியையும் சிதைத்துவிடும். பாத்திரங்களையும் குழாய்களையும் அரிக்கும். கடைசியில் அமிலக் கழிவை எங்கே கொட்டுவது என்ற பிரச்சினை. போர்க்காலத்தில் விலை பார்க்காமல் செய்யலாம். சமாதான காலத்தில் கணக்கு உதைக்கும். இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும் விடயம் இது. நினைவில் வையுங்கள்.

*சொலமன் தீவின் கூடாரம்*

ஸுலைமான் நபி (அலை) அவர்கள் வபாத்தான செய்தி, அவர்கள் ஊன்றியிருந்த தடியைச் சிறு உயிரொன்று அரித்து, தடி முறிந்த பின்னரே ஜின்களுக்குத் தெரியவந்தது என்ற சம்பவத்தை மதரஸாக் காலத்தில் இருந்தே கேட்டிருக்கிறோம். ஸூரா ஸபஃவில் வருகிறது. அந்த உயிர் கறையான் என்றே உலமாக்கள் விளக்கம் சொல்வார்கள். மரத்தைத் தின்று சீவிக்க ஓர் உயிருக்கு முடியும் என்பது மனிதன் எப்போதும் கண்ணால் கண்ட விடயம். கறையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையில் பங்கெடுக்கின்றன என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

பசுபிக் சமுத்திரத்தில் அவர்களின் பெயரில் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. 1568இல் ஸ்பானிய மாலுமி அல்வாரோ டி மெண்டானா அங்கு போனார். சொலமன் மன்னரின் பொன் கிடைத்த தேசம் அதுதான் என்ற நம்பிக்கையில் சொலமன் தீவுகள் என்ற பெயர் நிலைத்தது.

1940களின் முற்பகுதியில் அங்கே அமெரிக்கப் படையும் ஜப்பானியப் படையும் கடுமையாக மோதின. அமெரிக்கருக்கு ஜப்பானியர் மட்டும் எதிரியாக இருக்கவில்லை. ஈரமும் வெக்கையும் கலந்த அந்தக் காலநிலையில் கூடாரம், சீருடை, பட்டி, மணல் மூட்டை என்று பருத்தியால் ஆன எல்லாமே நம்பமுடியாத வேகத்தில் உக்கிப் போயின. பருத்தி என்பது ஏறத்தாழ முழுக்கச் செலுலோசுதான். ஆயிரக்கணக்கான மைல்கள் கப்பலில் கொண்டுவந்த பொருட்களை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருந்தது.

படைக்குப் பொருள் வழங்கும் பிரிவு, உக்கிய துணிகளில் இருந்த பங்கசுகளைச் சேகரித்து ஆய்வுகூடத்தில் வளர்க்கத் தொடங்கியது. எல்வின் ரீஸ் என்பவர் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். சேகரித்தவற்றில், புகன்வில் தீவில் உக்கிய கூடாரத் துணியில் இருந்து வந்த பச்சை நிறப் பங்கசு ஒன்றுக்கு கியூ.எம். 6ஏ என்று இலக்கம் போட்டார்கள். (புகன்வில் சொலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. இன்று பப்புவா நியூகினி நாட்டின் கீழ் இருக்கிறது.) செலுலோசைக் கரைப்பதில் அது அபாரமான உயிர் என்று பிறகு தெரிந்தது.

ஸ்பானியர் அங்கே பொன் தேடினார்கள். உலகம் முழுக்கப் பயன்பட்ட பொருளோ உக்கிய கூடாரத்தில் இருந்த பூஞ்சணம்.

*எதிரியை வேலைக்கு எடுத்தல்*

ரீஸின் வேலை எரிபொருள் செய்வது அல்ல. துணி உக்காமல் தடுப்பது. தடுக்க வேண்டுமென்றால் அது எப்படி உக்குகிறது என்று தெரிய வேண்டும். போர் முடிந்த பிறகும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. செலுலோசைக் கரைப்பது ஒரு தனி நொதியம் அல்ல, பல நொதியங்களின் கூட்டு வேலை என்ற கருத்தை 1950இல் அவரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். 1950களில் மேரி மண்டெல்ஸ் என்ற பெண் விஞ்ஞானி அவரோடு இணைந்து, மசசூசெட்ஸ் மாநிலத்தில் நேற்றிக் என்ற ஊரிலிருந்த இராணுவ ஆய்வுகூடத்தில் பல்லாண்டுகள் இதே பங்கசோடு உழைத்தார்.

நொதியங்களின் வேலைப் பங்கீடு இப்படி: முதலாவது வகை மாலையின் நடுவில் புகுந்து வெட்டும். இரண்டாவது வகை வெட்டிய நுனியைப் பிடித்து, இரண்டிரண்டு குளுக்கோசாகக் கழற்றிக்கொண்டே போகும். மூன்றாவது வகை அந்தச் சோடியைப் பிரித்துத் தனிக் குளுக்கோசாக்கும். நெல் வெட்டுபவர், சூடடிப்பவர், தூற்றுபவர் மாதிரி. ஒருவர் தாமதித்தால் மற்றவரின் வேலையும் தேங்கும். குளுக்கோசு கிடைத்துவிட்டால் பிறகு மதுவம் அதை நொதிக்கச் செய்து எதனோலாக்கும். அது மனிதன் நெடுங்காலமாக அறிந்த வேலை.

(சில பிள்ளைகள் கேட்பார்கள், "சேர், எதனோல் எண்டா ஹராம் தானே?" நாம் இங்கே பேசுவது எஞ்சினில் எரிக்கும் எரிபொருளைப் பற்றி மட்டும். மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேளுங்கள்.)

1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையோடு எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. அப்போதுதான் கேள்வி தலைகீழானது. உக்குவதை எப்படித் தடுப்பது என்று முப்பது வருடம் கேட்ட அதே ஆய்வுகூடம், உக்குவதை எப்படி வேகப்படுத்துவது என்று கேட்டது. பழைய பத்திரிகைத் தாளை அரைத்து, இந்தப் பங்கசின் நொதியத்தைச் சேர்த்துச் சீனி எடுத்துக் காட்டினார்கள். 1977இல் அந்தப் பங்கசுக்கு ரீஸின் பெயரையே சூட்டி ட்ரைக்கோடேர்மா ரீஸை என்று அழைத்தார்கள். துணியைத் தின்ற எதிரிக்கு, அதை எதிர்த்து வேலை தொடங்கியவரின் பெயர்.

பிறகு மண்டெல்ஸின் குழுவும், றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மொண்டனகோர்ட், எவ்லீ ஆகியோரும் அந்தப் பங்கசில் விகாரங்களை உண்டாக்கி, பல மடங்கு நொதியம் சுரக்கும் வகைகளை உருவாக்கினார்கள். தொழிற்சாலைகள் பாவிக்கும் பல வகைகள் அந்த ஒரே கூடாரத் துணியின் வாரிசுகள்.

1980களில் எண்ணெய் விலை இறங்கியதும் எரிபொருள் ஆசை அடங்கிப் போனது. நொதியம் வீணாகவில்லை. ஜீன்ஸ் துணியைக் கல்லோடு உருட்டி வெளிறச் செய்வதற்குப் பதிலாக இந்த வகை நொதியத்தைப் போட்டார்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த எமது சகோதர சகோதரிகள் 'என்சைம் வொஷ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இதுதான். உடுப்புக் கழுவும் தூள்களிலும் சேர்க்கப்படுகிறது.

*ஏறி விழுந்த பத்து வருடங்கள்*

2000க்குப் பிறகு மீண்டும் எண்ணெய் ஏறியது. மீண்டும் ஆசை வந்தது. அமெரிக்க அரசு இரண்டு பெரிய நொதியக் கம்பனிகளுக்குப் பணம் கொடுத்தது. நொதியச் செலவு இருபது, முப்பது மடங்கு குறைந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. கனடாவில் ஐயோஜன் என்ற கம்பனி 2004இல் கோதுமை வைக்கோலில் இருந்து எடுத்த எதனோலை விற்பனைக்கு விட்டது. 2006 ஜனவரியில் ஜனாதிபதி புஷ், ஆறு வருடத்துக்குள் மரச்சிராயிலும் புல்லிலும் எடுக்கும் எதனோல் போட்டிச் சந்தைக்கு வரும் என்பதை இலக்காக அறிவித்தார். 2007இல் அமெரிக்கா சட்டமே போட்டது: 2022ஆம் ஆண்டில் இவ்வகை எரிபொருள் 1600 கோடி கலன் வேண்டும் என்று.

2010க்கு வைத்த இலக்கு 10 கோடி கலன். அதை 65 இலட்சமாகக் குறைக்க வேண்டி வந்தது.

ஆனாலும் தொழிற்சாலைகள் எழுந்தன. இத்தாலியின் கிரசெண்டினோவில் 2013இல் ஒன்று. கோதுமை வைக்கோல், நெல் வைக்கோல், நாணல் ஆகியவற்றுக்கானது. அமெரிக்காவில் 2014, 2015இல் மூன்று. அயோவா மாநிலத்தின் எமட்ஸ்பேர்க்கில் சோளத் தட்டைத் தொழிற்சாலையின் திறப்பு விழாவுக்கு நெதர்லாந்து மன்னரே வந்தார். கன்சாசின் ஹியூகோட்டனில் கட்டிய கம்பனி 2016இல் வங்குரோத்தானது. டியூபொண்ட் கம்பனி 2015இல் திறந்த தொழிற்சாலையை 2017இல் மூடியது. கிரசெண்டினோவும் அதே வருடம் நின்று, பல வருடங்களின் பின் வேறு கைக்கு மாறி மீண்டும் இயங்கியது. எமட்ஸ்பேர்க் 2019இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ருமேனியாவில் ஆண்டுக்கு 2,50,000 தொன் வைக்கோலில் 50,000 தொன் எதனோல் என்ற கணக்கோடு கட்டிய தொழிற்சாலையும் 2023 முடிவில் மூடப்பட்டது.

ஏன்? விஞ்ஞானம் பொய்த்ததாலா? இல்லை. நொதியம் சொன்ன வேலையைச் செய்தது.

வைக்கோல் கட்டோடு மண்ணும் கல்லும் சேர்ந்து வந்து இயந்திரத்தைத் தேய்த்தன, அடைத்தன. இலிக்னினைத் தளர்த்த முதலில் கடும் வெப்பத்தில், அமுக்கத்தில் அவிக்க வேண்டும், அதற்குச் செலவு. சோளமாவுக்குத் தேவையானதை விடப் பல மடங்கு நொதியம் வேண்டும், அதற்கும் செலவு. செலுலோசோடு கலந்திருக்கும் வேறு வகைச் சீனிகளைச் சாதாரண மதுவம் தொடாது. அதற்கென மாற்றிய மதுவம் வேண்டும். இதற்கிடையில் 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்த எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழே விழுந்தது. நூறு வருடத்துக்கு முன் அமிலத் தொழிற்சாலைக்கு நடந்ததுதான் திரும்ப நடந்தது.

நிலைத்து நின்றவையும் உண்டு. பிரேசிலில் ரைசென் கம்பனி கரும்புச் சக்கையில் எதனோல் எடுக்கிறது. அங்கே சக்கை ஏற்கெனவே சீனி ஆலையின் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. தேடிப்போய்ச் சேர்க்கத் தேவையில்லை. அந்த ஒரு வித்தியாசம் மிகப் பெரியது.

*அப்படியென்றால் எமது வைக்கோல்?*

பானிப்பட் திட்டக் கணக்கை எமது வயலுக்குப் போட்டுப் பார்ப்போம். 2 இலட்சம் தொன்னுக்கு 3 கோடி லீற்றர் என்றால் ஒரு தொன்னுக்கு 150 லீற்றர். எதனோலின் சக்தி பெற்றோலில் மூன்றில் இரண்டு பங்களவுதான். ஆகவே அது சுமார் 100 லீற்றர் பெற்றோலுக்குச் சமன். ஏக்கருக்கு 2 தொன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரில் 200 லீற்றர் பெற்றோலின் சக்தி. வரிசையில் நின்ற எமக்கு அது பெரிய தொகைதான்.

ஆனால் அப்படி ஒரு தொழிற்சாலை வயிறு நிறைய, ஆண்டுக்கு ஒரு இலட்சம் ஏக்கரின் வைக்கோல் வேண்டும். காற்றைப் போல் பாரமில்லாத அந்தப் பொருளைக் கட்டி, மழை படாமல் வைத்து, லொறியில் ஏற்ற வேண்டும். அந்த லொறி ஓடுவதும் டீசலில். வீட்டு முற்றத்தில் பீப்பாய் வைத்துச் செய்யலாம் என்று யாராவது முதலீடு கேட்டு வந்தால், மேலே சொன்ன கம்பனிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான டொலரோடு வந்தவர்களே நிற்க முடியாமல் போனார்கள்.

இன்னொன்று. வைக்கோல் குப்பை அல்ல. நெற்பயிர் மண்ணில் இருந்து எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. எரித்தால் நைதரசன் புகையோடு போய்விடும். 2021இல் இரசாயன உரம் திடீரென நிறுத்தப்பட்டபோது அதன் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. எல்லா வைக்கோலையும் தொழிற்சாலைக்குக் கொடுத்தால் மண்ணுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியும் உண்டு.

போன போகம் வெட்டு முடிந்த நேரம் அந்தக் காக்காவை வயல் வரம்பில் கண்டோம். "காக்கா, அண்டைக்கு வரிசையில நாங்க சொன்னது பிழை. மெய்தான், வைக்கலில எண்ணெய் எடுக்கலாம். ஆனா..." என்று தொடங்கி, இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இப்ப நாங்க என்ன செய்யிற சேர்?"

"நெருப்பு வைக்காதீங்க. பரப்பி, தண்ணி கட்டி, உழுது விடுங்க. ட்ரைக்கோடேர்மா இனத்துப் பங்கசு எங்கட மண்ணிலயும் இரிக்கி. வேற பங்கசு, பற்றீரியாவும் இரிக்கி. அதுகள் உக்க வைக்கும்."

அவர் சிரித்தார். "அப்ப அந்தப் பெக்டரி எங்கட வயலுக்குள்ளயே இரிக்கி எண்டு சொல்லுங்க" என்றார்.

அன்பான ஆசிரியர்களே, படித்த தம்பி தங்கைகளே, ஊரில் ஒருவர் எம்மிடம் ஒன்றைக் கேட்டால் 'தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறோம்' என்று சொல்வது குறைச்சல் அல்ல. தேடாமல் 'பொய்' என்பதும், தேடாமல் 'உண்மை' என்று பகிர்வதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். அன்று நாம் செய்தது முதலாவது பிழை. அதற்காகவே இவ்வளவும் எழுதினோம்.

உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்கள். செலுலோசின் முடிச்சை இன்னும் மலிவாக அவிழ்க்கும் வழி முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்த வேலை அவர்களில் ஒருவருக்குக் காத்திருக்கலாம். பதிவில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம்.